முன்னூத்தெட்டும் மாடி வீட்டுக்காரங்களும்

ஜூலை 3, புதன்

நாயகத்தை ஆராய்ச்சியில சேத்தாச்சு. கோமதிநாயகம், என் தம்பி. கையெழுத்துப் போடுத இடம் ஏகப்பட்டது. அவன் போட்டான், நான் போட்டேன், சாட்சிக்கு ஆஸ்பத்திரி வாட்ச்மேன் போட்டார். இந்த வீட்டை வாங்கும்போதுகூட அப்பா இத்தனை போட்டிருக்க மாட்டாங்க.

மருந்துக்கு இன்னும் பேர் வைக்கல. எழுத்தும் நம்பருமா இருக்கு. எங்க வாயில நிக்கது கடைசி நம்பர் மட்டும்தான், முன்னூத்தெட்டு. நூத்தெட்டுன்னா இன்னும் நல்லாருந்திருக்கும்னு அம்மா சொல்லுதா. கடையில கிடைக்காத மாத்திரை. இப்ப மூணாம் கட்டத்துல இருக்காம். மூணாம் கட்டம்னா என்னன்னு அம்மா கேட்டா. "பொண்ணு பாத்தாச்சு, பூவும் வச்சாச்சு, முகூர்த்தம்தான் பாக்கி"ன்னு டாக்டர் அழகியநம்பி சொன்னார். அம்மாவுக்கு உடனே புரிஞ்சுது.

ஜெபக்கனின்னு ஒரு பொண்ணுதான் எல்லாத்தையும் கவனிக்கா. மூணு தடவை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்லச் சொன்னா. ராத்திரிச் சாப்பாடு முடிச்ச கையோட ஒரு மாத்திரை. வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கணும். காலி வயித்துல போட்டா பாதிகூட ரத்தத்துல ஏறாது. "சரியாச் சாப்பிடலன்னா மறைக்காமச் சொல்லிருங்கக்கா. அந்தக் கணக்கைச் சேக்க மாட்டாங்க, தனியா ஒதுக்கி வச்சிருவாங்க. அவ்வளவுதான்." சரின்னேன்.

ஆஸ்பத்திரி அட்டையில டிக் அடிக்க மட்டும்தான் இடம் இருக்கு. மத்ததை எழுத இந்த டைரி. மளிகைக்கடையில கொடுத்தது, பாதி வருஷம் சும்மா கிடந்தது.

ஜூலை 4, வியாழன்

நேத்து ஜெபக்கனி மாடி வீட்டுக்காரங்களைப் பத்தித்தான் ரொம்ப நேரம் கேட்டா. எத்தனை பேர், எப்பப் பேசுவாங்க, என்ன சொல்லுவாங்கன்னு. நாயகம் பொறுமையாச் சொன்னான். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர். காலையில இவன் கண்ணு முழிச்சதும் ஆரம்பிப்பாங்க. "தின்னது போதும், எந்திரி." "குளிக்காதே, பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்." "உங்கப்பன் செத்தது உன்னாலதான்." அவன் காலேஜ் முடிச்ச வருஷத்துல இருந்து இதே ஏச்சு.

எங்க வீட்டுக்கு மாடி கிடையாது. மேல தண்ணித் தொட்டியும் துணி காயப்போடுத கொடியும்தான்.

இருந்தாலும் இத்தனை வருஷம் ஒண்ணா இருந்தாச்சு. அவங்களுக்குக் கிரைண்டர் சத்தம் ஆகாது. மாவு வித்துத்தான் எங்க வீடு ஓடுது, ஆனாலும் அவங்களை மிஞ்ச முடியாது. விடிஞ்சும் விடியாம ஆட்டி முடிச்சு, பாக்கெட் போட்டு, கடைக்காரங்க வந்து எடுத்துக்கிட்டுப் போக வாசல்ல வச்சிருவேன். வெயில் ஏறின பிறகு கிரைண்டர் ஓடுனா நாயகம் தலையைச் சுவத்துல முட்டுவான். நிறுத்துத வரைக்கும் முட்டுவான். அந்த இடத்துல காரை பேந்திருக்கு. நான் அங்க முருகன் காலண்டரை மாட்டி வச்சிருக்கேன்.

என்னை மட்டும் அவங்க ஏச மாட்டாங்க. ஜெபக்கனி அதைக் கேக்கல, நானும் சொல்லல. "உலகம்மா இன்னைக்குப் பூ வச்சிருக்கா, லெச்சணமா இருக்கா"ன்னு அந்தம்மா சொல்லுமாம். "சொதி வாசம் மேல வரைக்கும் வருது"ன்னு அவர் சொல்லுவாராம். நாயகம் அடுப்படி வாசல்ல வந்து நின்னு அப்படியே ஒப்பிச்சிட்டுப் போயிருவான். எனக்குச் சோலி கிடக்கும், அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட்டதில்ல.

ஜூலை 9, செவ்வாய்

மாத்திரை போட்டாச்சு. மாற்றம் ஒண்ணும் இல்ல. உளுந்து வண்டு விழுந்திருந்தது, வெயில்ல காயப்போட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

பழைய மாத்திரையில அவனுக்கு வாயில எச்சில் ஒழுகும், கை நடுங்கும், உக்காந்த இடத்துலயே தூங்கிருவான். தலகாணி உறை நாளும் துவைக்கணும். இந்த வாரம் உறை காஞ்சே இருக்கு.

இன்னைக்குத் தானே சவரம் பண்ணிக்கிட்டான். தாடையில ரெண்டு வெட்டு. அம்மா வெட்டைப் பாத்து அழுதா, அப்புறம் முகத்தைப் பாத்து அழுதா. ஒரே மூச்சா அழுது தொலைக்கக் கூடாதா, எனக்கு உலை கொதிக்குது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில கரண்ட் இல்ல. பத்து மணிக்குத்தான் வந்தது. கடைக்காரங்க ரெண்டு பேரும் போன் மேல போன். வேற வழியில்லாம கிரைண்டரைப் போட்டேன். போட்டுட்டு சுவிட்ச் மேல கையை வச்சுக்கிட்டே நின்னேன்.

நாயகம் எந்திரிச்சு வந்தான். அடுப்படியில தண்ணி குடிச்சான். மாவைத் தொட்டுப் பாத்து, "இன்னும் கொஞ்சம் ஓடணும்"னான்.

"மாடியில ஒண்ணும் சொல்லலியா?"ன்னு கேட்டேன்.

"காலி பண்ணிட்டாங்கன்னு நினைக்கேன்க்கா."

"எப்ப?"

"நாலஞ்சு நாளாச் சத்தமே இல்ல."

"சொல்லிக்கிட்டுப் போனாங்களா?"

"இல்ல."

அம்மா வாசல்ல தேங்காய் உடைச்சா. திருச்செந்தூர் இருக்கிற திசையைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டு, கந்தசஷ்டி ஆறு நாளும் நானும் என் பிள்ளையும் பாலும் பழமுமா விரதம் இருக்கோம்னு சத்தமா நேர்ந்துக்கிட்டா. தெருவே கேட்டிருக்கும். நானும் கும்பிட்டேன். நெஞ்செல்லாம் நிறைஞ்சு போச்சு. என் தம்பி மாவைத் தொட்டுப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டான், வேற என்ன வேணும்.

சாயங்காலம் துணி எடுக்க மேல போனேன். தொட்டி நிறைஞ்சு வழிஞ்சுக்கிட்டிருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிட்டு அங்ஙனயே கொஞ்ச நேரம் நின்னேன். காத்து நல்லாருந்தது.

சொல்லாமக் கொள்ளாமப் போறது என்ன பழக்கமோ.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நாயகம் சைக்கிள்ல மாவு கொண்டு போறான். முதல் நாள் அம்மா தெருமுனை வரைக்கும் பின்னாலயே ஓடினா. இப்ப வாசலோட சரி. கடைக்காரர் கேட்டாராம், "உலகம்மாக்கு ஒரு தம்பி இருக்கிறதே எனக்குத் தெரியாதே"ன்னு. இருக்கான்.

செப்டம்பர் 14, சனி

ஆஸ்பத்திரி. ஜெபக்கனிக்கு வாயெல்லாம் பல்லு. கம்பெனிக்காரனோட நெட் பக்கத்தைப் போன்ல எடுத்துக் காட்டினா. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கோடு போட்டிருக்கு. ஒண்ணாம் கட்டத்துல இருக்கிறதுக்குக் குட்டைக் கோடு, ரெண்டுன்னா கொஞ்சம் பெருசு. முன்னூத்தெட்டுக் கோடுதான் எல்லாத்தையும்விட நீளம். மூணாம் கட்டம் தாண்டி அனுமதிக் கட்டத்தை எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிது. அம்மா அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. தொட்டதுல பக்கம் ஓடிப்போய் வேற ஏதோ வந்துட்டு.

அம்மாவை அடுத்த தடவை கூட்டிக்கிட்டு வரக் கூடாது. காணுத எல்லாருட்டயும் விரதம், வேண்டுதல்னு ஆரம்பிச்சிருதா. வரிசையில நிக்கவங்க மாத்திரை பேரை விட்டுட்டுக் கோயில் பேரைக் கேக்காங்க.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நானும் நாயகமும் மட்டும். எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிட்டாங்க. மாடி வீட்டுக்காரங்க இருந்த இடத்துல சைபர்.

சாம்பார்ல உப்பு கூடன்னு இன்னைக்கு என்கிட்டச் சண்டைக்கு வந்தான். அவங்க இருந்த வரைக்கும் என் சாம்பாரை யாரும் குத்தம் சொன்னதில்ல.

சாயங்காலம் மைதானத்துக்குப் போய்ப் பையன்க பந்து விளையாடுததைப் பாத்துக்கிட்டு இருக்கான். விளக்கு வச்சப்புறம்தான் வாரான். போகட்டும். இத்தனை வருஷம் அடைஞ்சு கிடந்தவன்தானே. பேச்சுத் துணைக்கு ஆளில்லன்னு எல்லாம் இல்ல, அம்மா இருக்கா. அம்மா டிவி பாக்கா.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பச்சைச் சேலை, அரக்குக் கரை. கடைக்காரப் பையன் எடுத்துப் போட்டதுல முதல்ல கண்ணுல பட்டதை எடுத்தது. அம்மா முந்தானையைத் தடவிப் பாத்து, "சாயம் போகும்"னா. நாயகம் முறுக்குத் தின்னான்.

துணி காயப்போட ஒண்ணும் இல்ல, இருந்தாலும் மேல போய்ப் பாத்துட்டு வந்தேன். வெடிப் புகைதான்.

நவம்பர் 2, சனி

சஷ்டி ஆரம்பம். அம்மா விடியக்காலையிலயே பச்சைத் தண்ணியில குளிச்சிட்டு நடுங்குதா. நாயகத்தையும் குளிக்க வச்சுட்டா.

"ராத்திரி மாத்திரைக்குச் சாப்பிடணும்மா"ன்னு சொல்லிப் பாத்தேன்.

"ஏட்டி, உன் மாத்திரையா அவனைக் காப்பாத்துச்சு? முருகன் கொடுத்த மாத்திரை அது. கொடுத்தவனுக்கு எப்பக் கொடுக்கணும்னு தெரியாதா?"

"ஆறு நாள்தானக்கா"ன்னு நாயகம் சொன்னான்.

நானும் அதுக்கு மேல வற்புறுத்தல. ஜெபக்கனிகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன்ல சார்ஜ் இல்ல.

ராத்திரி ஒரு டம்ளர் பால், ரெண்டு வாழைப்பழம். மாத்திரை போட்டாச்சு. பழமும் வயித்துக்குள்ளதானே போகுது.

நவம்பர் 3, ஞாயிறு

பால், பழம், மாத்திரை. போனுக்குச் சார்ஜ் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை, அந்தப் பொண்ணு கோயிலுக்குப் போயிருக்கும்.

நவம்பர் 4, திங்கள்

பால், பழம், மாத்திரை. அவன் முகம் வாடித் தெரியுது. உத்துப் பாத்துக்கிட்டே இருக்கேன். "என்னக்கா அப்படிப் பாக்க?"ன்னு கேட்டான். ஒண்ணும் இல்லன்னேன்.

நவம்பர் 5, செவ்வாய்

சாயங்காலம் பச்சைச் சேலையைக் கட்டினேன். சஷ்டிக்கு நல்ல சேலை கட்டணும்லா. அடுப்படியில அம்மாவுக்குப் பால் காய்ச்சிக்கிட்டிருந்தேன். நாயகம் வந்து வாசல்ல நின்னான், பழைய மாதிரியே, நிலையில ஒரு கையை வச்சுக்கிட்டு.

"மாடி வீட்டுக்காரம்மா சொல்லுதாங்க, உலகம்மாக்கு இந்தப் பச்சை எடுப்பா இருக்காம்."

சொல்லிட்டுப் போயிட்டான். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திட்டு.

பட்டினி போட்டுத் திரும்பக் கொண்டாந்துட்டோமே பாவிங்க. அம்மாகிட்டச் சொல்லல. ராத்திரி அவன் பாலைக் குடிச்சிட்டு மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டான், மேல பாக்கல, காதைப் பொத்தல.

சேலையை அவுத்து மடிக்கும்போது கண்ணாடியில ஒருக்கா பாத்தேன். எடுப்பாத்தான் இருந்தது.

நவம்பர் 7, வியாழன்

டிவியில சூரசம்ஹாரம். சூரன் விழுந்ததும் அம்மாவும் விரதத்தை முடிச்சா. நாயகம் மூணு தட்டுச் சோறு தின்னான்.

நவம்பர் 8, வெள்ளி

ஆஸ்பத்திரி. அவனை டாக்டர் உள்ள வச்சுக் கேட்டார். என்னை ஜெபக்கனி வெளிய வச்சுக் கேட்டா.

"சாப்பாடெல்லாம் சரியாப் போகுதாக்கா?"

"சாப்பிடுதான்"னேன். விரதத்தைச் சொன்னா ஆராய்ச்சியை விட்டே தூக்கிருவாங்களோன்னு பயம். பாலும் பழமும் சாப்பாடு இல்லாம வேற என்ன.

"மாடி வீட்டுக்காரங்க?"

"ஒருக்கா வந்தாங்க. செவ்வாய்க்கிழமை"ன்னேன். பொய் சொல்லக் கூடாதுல்லா.

அவ முகம் விழுந்து போச்சு. உள்ள போய் டாக்டர்கிட்டக் காதுல சொன்னா. நாயகம் உள்ள, அப்படி ஒண்ணும் கேக்கவே இல்லன்னு சொல்லியிருக்கான். நான் வெளிய ஆமான்னு சொல்லியிருக்கேன். நோய் திரும்பியிருக்கு, அதை மறைக்கவும் செய்யுதான்னு எழுதிட்டாங்க. கேக்கிறதைவிட மறைக்கிறது மோசமாம்.

பஸ்ல அவன் வழி முழுக்க ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. மாவு புளிக்கல. பாதிப் பாக்கெட் திரும்பி வந்துட்டு. மூணு வேளையும் ஊத்தப்பம்.

நவம்பர் 28, வியாழன்

டாக்டர் கூப்பிட்டுவிட்டார். முன்னூத்தெட்டை நிறுத்திட்டாங்களாம்.

மருந்து கெட்டது இல்லையாம். வேலை செய்யாமலும் இல்லையாம். ஏற்கெனவே கடையில இருக்கிற மருந்தைவிட ரொம்ப ஒசத்தின்னு கணக்குல காட்ட முடியலயாம். கம்பெனிக்காரன் இனி இந்தப் பக்கமே வேண்டாம், வேற நோயைப் பாக்கப் போறேன்னு போயிட்டானாம். "எங்க வீட்டுல வேலை செஞ்சுதே டாக்டர்"ன்னேன். "தெரியும்மா. ஒரு வீட்டை வச்சு அவங்க முடிவெடுக்க மாட்டாங்க"ன்னார். அவர் குரலும் நல்லால்ல.

ஜெபக்கனி போன்ல அந்தப் பக்கத்தைத் திரும்பக் காட்டினா. மத்த கோடெல்லாம் இருக்கு. எங்க கோட்டைக் காணும். கீழ சின்ன எழுத்துல, நிறுத்தப்பட்டதுன்னு பேரோட பேரா எழுதியிருக்கு.

ஒரு வழி இருக்காம். தயாரிச்சு வச்சிருக்கிற மாத்திரை கொஞ்சம் மிச்சம் கிடக்கு. யாருக்கு மருந்து நல்லாக் கேட்டுதோ அவங்களுக்கு மட்டும் அது தீருத வரைக்கும் கொடுப்பாங்க. கடைசிச் செக்கப்ல நோய் திரும்பலன்னு இருக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை பேரை அனுப்பணும்.

நாயகத்தோட கடைசிச் செக்கப், நவம்பர் எட்டு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னேன். "பூ வச்ச பிறகு கல்யாணத்தை நிறுத்தின மாதிரில்லா"ன்னு ஆரம்பிச்சவ, என் மூஞ்சியைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டா. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நாயகத்துக்கு முடியாமப் போன புதுசு, எனக்குப் பூ வச்சுட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுல யோசிச்சாங்க, யாரும் யோசிப்பாங்க. இப்பத் தென்காசியில இருக்காங்களாம். ரெண்டு பிள்ளைன்னு யாரோ சொன்னாங்க, நான் கேக்கல.

நவம்பர் 29, வெள்ளி

நாயகத்துகிட்டச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. மாவுப் பாக்கெட்டை எண்ணிக் கூடையில அடுக்கிக்கிட்டே சொன்னேன். டிசம்பர்ல இருந்து பழைய மாத்திரைக்கு மாறணும், அன்னைக்கு மாடி வீட்டுக்காரங்க சத்தம் கேட்டதுனால உனக்கு மிச்ச மாத்திரை கிடையாதுன்னு.

கூடையைக் கீழ வச்சுட்டு உக்காந்துட்டான்.

"அது நான் சும்மா சொன்னது."

"எது?"

"பச்சைச் சேலை. மாடியில யாரும் இல்லக்கா. போனவங்க போனவங்கதான். நானாச் சொன்னேன்."

"ஏன்டா பாவி?"

"தீபாவளிக்கு நீ அதைக் கட்டிக்கிட்டு நாலு தடவை மேல போய்ப் போய் வந்த. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. செவ்வாய்க்கிழமை திரும்பக் கட்டிக்கிட்டு நின்ன. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"நீயே நல்லாருக்குன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானல?"

"நான் சொன்னா உனக்கு என்ன இருக்கு? அவங்க சொன்னாத்தான உனக்கு மூஞ்சி தெளியும்."

எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த பாக்கெட்டைத் தூக்கி எறிஞ்சேன். சுவத்துல பட்டு முருகன் காலண்டரெல்லாம் மாவு. அவன் துணியை எடுத்துட்டு வந்து துடைச்சான். நான் உக்காந்து அழுதேன். அவன் துடைச்சு முடிச்சிட்டு, மிச்சப் பாக்கெட்டை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனான். ஒண்ணு குறையுதுன்னு கடைக்காரர் போன் பண்ணினார்.

டிசம்பர் 2, திங்கள்

நாயகத்தைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்டப் போனேன். நான் பொய் சொன்னேன் சார்னு அவனே சொன்னான். சேலைக் கதை முழுசையும் சொன்னான். டாக்டர் கேட்டுக்கிட்டார். அவர் நல்ல மனுஷன்.

"நாயகம், நான் உன்னை நம்புதேன். ஆனா கம்பெனியில மேல இருக்கவன் என்ன கேப்பான்? நோயாளி அன்னைக்கு அக்காகிட்டக் குரல் கேக்குதுன்னு சொல்லியிருக்கான். இன்னைக்கு மாத்திரை கிடைக்காதுன்னதும் இருக்கிற குரலை இல்லங்கான்னு வச்சுக்குவான். அக்காவுக்குச் சேலை நல்லாருக்குன்னு சொல்ல ஒரு மனுஷன் ஆராய்ச்சியைக் கெடுத்துக்குவானா? இதை எந்தக் கட்டத்துல எழுத?"

எழுத இடம் இல்லதான். பைத்தியம்னா பொய் சொல்லத் தெரியும்னு ஒத்துக்கிடுதாங்க, பிரியமாப் பொய் சொல்லத் தெரியும்னா ஒத்துக்கிட மாட்டேங்காங்க.

வெளிய வந்ததும் ஜெபக்கனி கூடவே வந்தா. "அந்த வாரம் வேற ஏதாவது நடந்துச்சாக்கா? காய்ச்சல், வாந்தி, சாப்பிடாம இருந்தது, ஏதாவது? அப்படின்னா அந்தச் செக்கப்பையே ஒதுக்கிட்டு அதுக்கு முந்தினதை எடுக்கச் சொல்லலாம்"னா.

சொல்லிரணும்னு வாயைத் திறந்தேன். அன்னைக்குச் சாப்பிடுதான்னு சொன்ன அதே வாய். அந்தப் பொண்ணு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிது. "யோசிச்சுச் சொல்லுதேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன். நாயகம் என்னைப் பாத்தான். அதுதான் தாங்கல.

டிசம்பர் 4, புதன்

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலின்னு சொல்லி. வலி உள்ளதுதான், எப்பவும் உள்ளதுதான்.

ஜெபக்கனி மேசைக்கு எதிர்த்த பெஞ்சுல உக்கார வச்சுட்டு, தண்ணி பிடிச்சிட்டு வாரேன்னு போனேன். தண்ணி பக்கத்துலதான் இருக்கு. மெதுவாப் பிடிச்சேன். வேற யாரோ பாட்டிலையும் வாங்கிப் பிடிச்சுக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது அம்மா குரல் வராண்டா முழுக்கக் கேக்குது. "ஆறு நாளும் ஒரு பருக்கை தொடலயே என் பிள்ளை! ராத்திரிக்கு ஒரு டம்ளர் பால், ரெண்டு பழம், அவ்வளவுதான். பெத்த தாய் நான் சொல்லுதேன். அந்த விரதத்துக்கு முருகன் மாத்திரையை நிறுத்த விட மாட்டான், நீ வேணா பாரு!"

ஜெபக்கனி எழுதிக்கிட்டிருந்தா. நிமிந்து என்னைப் பாத்தா.

"அக்கா, அன்னைக்கு நான் கேட்டேன்லா?"

"கேட்ட."

"சாப்பிடுதான்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"நல்லாச் செஞ்சீங்க போங்க"ன்னா. பிரியமாச் சொல்லல. என் மகளா இருக்க வேண்டிய வயசு. எனக்கு வெக்கமாப் போச்சு, கையில பாட்டிலை வச்சுக்கிட்டு எங்க பாக்கன்னு தெரியாம நின்னேன். அப்புறம் அவ அந்தத் தாளை எடுத்துக்கிட்டு டாக்டர் அறைக்கு ஓடினா. ஓடத்தான் செஞ்சா.

டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டு ஏசினார். விரதம் வேற, மருந்து வேறயாம். "ரெண்டும் அவனுக்குத்தானே டாக்டர்"னு அம்மா கேட்டா. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். நவம்பர் எட்டுச் செக்கப் செல்லாது, மருந்து சரியா ஏறல, அக்டோபர் செக்கப்பை எடுத்துக்கிடவும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்டோபர்ல சைபர்.

"அன்னைக்கு அவன் பொய்தான் சொன்னான்னு இப்ப யாரும் நம்ப வேண்டிய அவசியமே இல்ல"ன்னு ஜெபக்கனி வாசல்ல வச்சுச் சொன்னா. கொஞ்சம் சிரிச்சா. மன்னிச்சுட்டான்னு நினைக்கேன், இல்லன்னாலும் சரி.

முழங்காலுக்குத் தைலம் எழுதிக் கொடுத்தாங்க.

டிசம்பர் 20, வெள்ளி

பேர் வந்துட்டு. மாத்திரை தொடரும். டப்பாவுல போட்டிருக்கிற காலாவதித் தேதி அடுத்த புரட்டாசிக்குள்ள முடியுது. அதுக்குப் பிறகு உலகத்துல எங்கயும் முன்னூத்தெட்டு கிடையாது. அப்புறம் என்ன செய்யன்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். "அப்ப இருக்கிறதுல நல்லதாப் பாத்து மெதுவா மாத்துவோம்மா. மாடி வீட்டுக்காரங்க திரும்பி வரலாம், வராமலும் போகலாம்"னார்.

நாயகம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். வீட்டுக்கு வந்து, அந்தக் காலண்டரைக் கழட்டிட்டு, காரை பேந்த இடத்துல சிமெண்டு பூசினான். மேடும் பள்ளமுமா இருக்கு. கொத்தனார் வேலைக்கு ஆகாது. புரட்டாசி வரைக்கும் தாங்குமான்னு கேட்டேன். "பாப்போம்"னான்.

இப்ப ராத்திரி அவன் தட்டுல நான்தான் சோறு வைக்கேன். போதும்னு கை காட்டினாலும் இன்னொரு அகப்பை வைக்கேன். அம்மா செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தா அம்மா மட்டும் இருக்கட்டும். சொல்லிட்டேன். முருகன்கிட்டயும் சொல்லிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசல்ல பானை வச்சுப் பொங்கினது. பனங்கிழங்கு நல்ல விளைச்சல். அம்மா எனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தா, மஞ்சள். கட்டிக்கிட்டு அடுப்படியில அவியலுக்குக் காய் நறுக்கிக்கிட்டிருந்தேன்.

நாயகம் வந்து நிலையில கையை வச்சுக்கிட்டு நின்னான். வாயைத் திறந்தான், மேல ஒரு பார்வை பாத்தான், மூடிக்கிட்டான்.

"சொல்லுததா இருந்தா நீயாச் சொல்லு"ன்னேன். "அவங்க பேர்ல ஒண்ணும் சொல்லக் கூடாது. ஜெபக்கனி எழுதிருவா."

கொஞ்ச நேரம் யோசிச்சான். ரொம்ப நேரம்தான் யோசிச்சான், நான் ஒரு முருங்கைக்காயை நறுக்கியே முடிச்சிட்டேன்.

"மஞ்சள் உனக்கு எடுக்கலக்கா"ன்னான். "பச்சை நல்லாருந்துச்சு."

கத்தியைக் கீழ வச்சுட்டு, போய்ப் பச்சையைக் கட்டிக்கிட்டு வந்தேன்.